மலிவு டார்ச்சும் அதன் வயிற்றில் இருக்கும் செல்லும்

2023 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, மிக்ஜாம் புயலின் மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த நேரத்தில், வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருவில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கரண்ட் எப்போதோ போயிருந்தது. பரணில் கிடந்த இரண்டு டார்ச்சுகளை இறக்கினேன். ஒன்று சுவர் பிளக்கில் நேராகச் செருகிச் சார்ஜ் ஏற்றும் வகை. அதற்குக் கடைசியாகச் சார்ஜ் போட்டது சித்திரை மாதத்தில். சுவிட்சைத் தள்ளியதும் ஒரு நொடி மங்கலாக மினுங்கி அணைந்துவிட்டது. மற்றொன்றின் மூடி திருகினால் அசையவில்லை. இடுக்கி போட்டுத் திறந்தபோது உள்ளே இருந்த செல்கள் பொத்துப்போய், ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மாடி வீட்டு அண்ணன் படிக்கட்டில் நின்றபடி தன்னுடைய ஜூம் டார்ச்சை நீட்டினார். “இந்தா தம்பி, இத வச்சுக்கோ. ஒரு லட்சம் லூமென்னு டப்பாவுலயே போட்டிருக்கான்” என்றார். லூமென் என்பது விளக்கு தரும் ஒளியின் அளவு. அந்த டார்ச் 40 நிமிடம் எரிந்தது.

மூன்றிலும் விளக்கு நன்றாகவே இருந்தது. மூன்றுமே கைவிட்டது பேட்டரியில். அதிலும் ஒன்று, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாமல் விட்டதில். மலிவு விலையில் டார்ச் வாங்குபவர்கள் பெரும்பாலும் வெளிச்சத்தைப் பார்த்தே வாங்குகிறோம். கடைக்காரர் பகலில் சுவரை நோக்கி அடித்துக் காட்டுவார், வட்டம் பளீரென்று விழும், நாமும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவோம். ஆனால் இன்றைக்கு ஒரு டார்ச்சில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பொருள் அந்த வெளிச்சம்தான். விலை உயர்ந்ததும், ஏமாற்றுவதற்கு இடம் தருவதும், நாள்பட உழைப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதும் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் செல். ஆகவே முதலில் செல், பிறகு சார்ஜர், கடைசியில் டார்ச் என்ற வரிசையில் யோசிப்பதே சரி என்பது என் கருத்து.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. எங்கள் பகுதியின் பெரியவர்கள் இன்றும் டார்ச்சைப் ‘பேட்டரி லைட்’ என்றுதான் சொல்வார்கள். எவரெடி பேட்டரி ஆலை பல பத்தாண்டுகள் திருவொற்றியூரில் இயங்கியதால், அந்தப் பெயர் இங்கே விளம்பரத்தில் மட்டும் பார்த்த பெயராக இருக்கவில்லை. அந்தக் காலத்து டார்ச்சில் இரண்டு பெரிய பேட்டரிக் கட்டைகள், முன்னால் இழை பல்பு, பின்னால் வெள்ளி பூசிய கிண்ணம். அந்த இழை பல்பு தந்தது பத்துப் பதினைந்து லூமென் அளவுக்குத்தான். செல் இழந்த ஆற்றலில் பெரும்பகுதி சூடாகப் போனது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்இடி கைகூடியது. அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல எல்இடியின் மேல், நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் பூச்சு இட்டால் வெள்ளை ஒளி கிடைக்கும். இன்றைய சாதாரண வெள்ளை எல்இடி ஒரு வாட் மின்சாரத்தில் ஏறத்தாழ 100 லூமென் தருகிறது. அந்தச் சில்லின் விலையோ ஒரு டீ, வடையின் விலைக்குள் அடங்கிவிடும்.

ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்ற இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் டப்பாவின் மேல் இருக்கும் பாதிப் பொய் தானாகவே உதிர்ந்துவிடும். ஒரு லட்சம் லூமென் வேண்டுமானால் 1,000 வாட் வேண்டும். வீட்டில் இருக்கும் மின்சார இஸ்திரிப் பெட்டி இழுப்பது ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தச் சூட்டை உள்ளங்கையில் பிடிக்கும் ஒரு குழாயால் தாங்க முடியாது. அண்ணனுடைய டார்ச் உண்மையில் தந்தது 200 அல்லது 300 லூமென் இருக்கலாம்; அதுவும் முதல் சில நிமிடங்களுக்கு. அது குறைவு என்று சொல்ல வரவில்லை. ஒரு சிறிய அறையில் டார்ச்சைச் செங்குத்தாக நிறுத்தி, கூரையில் பட்டுத் தெறிக்கும்படி விட்டால், 100 லூமெனிலேயே குடும்பம் உட்கார்ந்து சாப்பிடலாம். வெள்ளை அடித்த தளம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்; ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒளியை விழுங்கிவிடும்.

இதே போன்ற இன்னொரு எண் செல்லின் மேல் இருக்கிறது. இன்றைய டார்ச்சுகளில் அதிகம் பயன்படுவது 18650 என்ற லித்தியம் அயான் செல். அந்த எண்ணில் ஒரு இரகசியமும் இல்லை: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழியம் அது உருளை வடிவம் என்பதைக் குறிக்கிறது. அந்த அளவு உருளைக்குள் நல்ல நிறுவனங்கள் அடைக்கும் கொள்ளளவு பொதுவாக 2,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி. விதிவிலக்காக அதற்கு மேல் கொஞ்சம். கடைகளில் 4,800, 6,800, 9,900 என்று அச்சிட்ட செல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. எண் பெரிதாகப் பெரிதாக உள்ளே இருக்கும் சரக்கு குறைவு என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. சோதிக்க எளிய வழி எடை. நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். போலிச் செல்களில் பல 30 கிராமைக்கூடத் தொடுவதில்லை; கையில் எடுத்தாலே காலித் தீப்பெட்டியின் உணர்வு வரும். அண்ணனின் டார்ச்சில் இருந்த செல்லை மறுவாரம் மளிகைக் கடை மின்னணுத் தராசில் வைத்துப் பார்த்தோம். 27 கிராம்.

மில்லி ஆம்பியர் மணியைவிட வாட் மணியில் கணக்கிடுவது நேர்மையான முறை, ஏனென்றால் செல்லின் வோல்ட் வகைக்கு வகை மாறுகிறது. 3,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட 18650 செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், பெருக்கினால் 10.8 வாட் மணி. ஒரு வாட் இழுக்கும் விளக்கை அது பத்து மணி நேரம் எரிக்கும். டார்ச்சின் மின்சுற்றில் ஆகும் இழப்பைக் கழித்தால் எட்டு, ஒன்பது மணி நேரம். இரண்டு நல்ல ஏஏ ரீசார்ஜபிள் செல்களில் இருப்பது 4.8 வாட் மணி. அதுவும் 100 லூமெனில் நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஒரு புயல் இரவுக்கு இவ்வளவு போதும். மூன்று நாள் இருட்டுக்கு மாற்றுச் செல் வேண்டும்.

நல்ல நிறுவனங்களின் டப்பாவில் இருக்கும் எண்களையும் சற்றுக் கவனித்தே படிக்க வேண்டும். 2009இல் அமெரிக்காவில் டார்ச்சுகளுக்கென்று வகுக்கப்பட்ட எஃப்எல்1 தரநிலையைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். அதன்படி, ஒளி எட்டும் தொலைவு என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம். அதாவது தெளிவான வானத்தில் முழுநிலவு தரும் அளவு. 200 மீட்டர் என்று போட்டிருந்தால் 200 மீட்டரில் நிலவொளி அளவுக்குத்தான் தெரியும். ஆளை அடையாளம் காண முடியாது. எரியும் நேரம் என்பது ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் காலம். முதல் ஐந்து நிமிடம் பளீரென்று எரிந்து, பிறகு வெகுவாக இறங்கி மங்கலாகவே ஐந்து மணி நேரம் ஓடினாலும் ஐந்து மணி நேரம் என்று எழுதலாம். விதிப்படி அது பொய்யல்ல.

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இது பிழைப்போடு சம்பந்தப்பட்டது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன் மீன் எடுப்பவர்கள் கூடையில் கைவிட்டுச் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். செவுள் இரத்தச் சிவப்பாக இருந்தால் அன்றைய மீன். பழுப்பேறியிருந்தால் ஐஸில் நாள்பட்டது. மலிவு எல்இடியின் ஒளி நீலத்தில் மிகுந்து சிவப்பில் வறண்டிருப்பதால், நல்ல வஞ்சிரத்தின் செவுளும் அதில் செத்த நிறமாகத் தெரியும். நிறத்தை உண்மையாகக் காட்டும் திறனைச் சிஆர்ஐ என்ற எண்ணால் அளக்கிறார்கள். சூரிய ஒளிக்கு அது 100. மலிவு டார்ச்சுகளின் எல்இடிகள் 70 அளவில் இருக்கும். 90க்கு மேல் உள்ள எல்இடி, 4,000 முதல் 5,000 கெல்வின் நிறவெப்பத்தில் (ஒளியின் மஞ்சள், நீலச் சாயலைச் சொல்லும் அளவு) கிடைத்தால், செவுள் செவுளாகவே தெரியும். அத்தகைய டார்ச்சில் லூமென் எண் சற்றுக் குறைவாக இருக்கும், விலை கூடும். மீன் வாங்கி விற்பவருக்கு அந்தக் கூடுதல் பணம் ஒரு கூடை நஷ்டத்தைத் தவிர்த்தாலே திரும்பிவிடும். கரண்ட் போனால் மெழுகுவத்திக்குப் பதிலாக வைப்பவருக்கு அது தேவையில்லை.

இனிப் பரணில் இருந்த முதல் டார்ச்சுக்கு வருகிறேன். பாரிமுனையிலும் வண்ணாரப்பேட்டையிலும் திருவிழாக் கடைகளிலும் அதிகம் விற்பது இந்த வகைதான்: பின்புறத்தில் மடக்கி நீட்டும் இரண்டு பின், உள்ளே 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. கார் பேட்டரியின் குட்டி என்று வைத்துக்கொள்ளலாம். தலா 2 வோல்ட் கொண்ட இரண்டு அறைகள். 230 வோல்ட்டை 4 வோல்ட்டாக இறக்க முறையாக ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். இந்த டார்ச்சுகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. அதற்குப் பதிலாக, மின்சாரத்தைச் சிறிது தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் என்ற உறுப்பு தொடரில் நின்று மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் விடும். 1 ஆம்பியர் மணி பேட்டரியை நிரப்பப் பதினைந்து மணி நேரம் பிடிக்கும். ‘இரவு முழுக்கப் போடுங்கள்’ என்று கடைக்காரர் சொல்வதன் காரணம் இதுதான்.

மலிவு என்பதைத் தவிர இந்த ஏற்பாட்டுக்கு வேறு நன்மை இல்லை. பேட்டரி நிறைந்த பிறகும் அந்த 70 மில்லி ஆம்பியர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் நிறுத்துவதற்கு உள்ளே எதுவும் இல்லை. மிகுதி மின்னோட்டம் அமிலத்தில் உள்ள நீரைப் பிரிக்கிறது. மூடிய பேட்டரி வறண்டு, வயிறு புடைக்கிறது. இதற்கு நேர்மாறாகச் சார்ஜ் போடாமலே விட்டாலும் சாகும். காலியாகக் கிடக்கும் ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகம் கெட்டிப்படும்; பிறகு எவ்வளவு நேரம் பிளக்கில் வைத்தாலும் அது கரையாது. சூடு கூடக்கூட பேட்டரி தானாகக் காலியாகும் வேகமும் கூடும். பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரு மடங்கு. பரணில், கூரைச் சூட்டில், சித்திரையிலிருந்து கார்த்திகை வரை கிடந்த என் டார்ச்சுக்கு நடந்தது இதுவே. மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டிருந்தால் அன்றிரவு அது எரிந்திருக்கும். ஆனால் மாதம் ஒருமுறை நினைவு வைத்துக்கொள்ளும் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

உழைப்பை விடவும் கவலைப்பட வேண்டியது உயிராபத்து. டிரான்ஸ்பார்மர் இல்லாததால் வீட்டு மின்சாரத்துக்கும் டார்ச்சின் உள்பாகத்துக்கும் இடையில் தடுப்பே இல்லை. பிளக்கில் இருக்கும்போது உள்ளிருக்கும் பேட்டரி முனையைத் தொடுவது சுவரில் இருக்கும் லைனைத் தொடுவதற்குச் சமம். உறையில் விரிசல் விட்ட டார்ச்சைச் சார்ஜில் வைத்தபடி ஈரக் கையால் எடுப்பது, குழந்தை பிளக்கில் இருக்கும் டார்ச்சின் சுவிட்சைத் தள்ளி விளையாடுவது ஆகியவற்றைக் கட்டாயம் தடுக்க வேண்டும். பிளக்கிலிருந்து பிடுங்கிய உடனே இரண்டு பின்னையும் தொட்டால் சுருக்கென்று இழுப்பதைச் சிலர் அனுபவித்திருப்பார்கள். கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்கும் மின்சாரம் அது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம். புதிதாக இந்த வகையை வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

இரண்டாவது டார்ச்சின் கதை சிறியது. சாதாரணத் துத்தநாகக் கரிச் செல்லில் வெளியே இருக்கும் துத்தநாகக் குவளையே எதிர்முனை. செல் வேலை செய்யும்போது கரைவது அந்தக் குவளைதான். தீரத் தீர அது மெலிந்து ஓட்டையாகி, உள்ளிருக்கும் உப்புக் குழம்பு கசியும். ஆல்கலைன் செல்லில் குவளை எஃகு என்றாலும், நாள்பட்டால் அதுவும் கசியும். அதன் வெள்ளைப் பொடி காரத்தன்மை கொண்டது என்பதால் எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். பழைய செல்லையும் புதிய செல்லையும் சேர்த்துப் போடுவதும், பருவம் முழுதும் செல்லை உள்ளேயே விட்டு வைப்பதும் டார்ச்சைக் கொல்லும் பழக்கங்கள். சுவர்க் கடிகாரத்துக்கு இந்தச் செல்கள் சரி. அவசர டார்ச்சுக்கு உறை பிரிக்காத செல்லைத் தனியாகக் கட்டி வைப்பது மேல்.

எச்சரிக்கையோடு சிக்கனமாக இருக்க விரும்பும் குடும்பத்துக்கு என் முதல் பரிந்துரை, ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களும் அதில் எரியும் ஒரு டார்ச்சும். 2005இல் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில், சார்ஜை எளிதில் இழக்காத வகையைக் கொண்டுவந்தது. இப்போது அது பானசோனிக்கின் கையில் இருக்கிறது. அதற்கு முந்தைய செல்கள் மாதத்தில் நான்கில் ஒரு பங்கு சார்ஜை வீணாக இழந்தன. இந்த வகை ஓராண்டு கிடந்தாலும் பெரும்பகுதியை வைத்திருக்கும். நேர்மையான ஏஏ செல்லில் 2,000 அல்லது 2,500 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். 4,700 என்று போட்டிருந்தால் கீழே வைத்துவிடலாம். இவற்றின் மின்னழுத்தம் 1.5 அல்ல, 1.2 வோல்ட், மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் மின்சுற்று இல்லாத மிக மலிவான டார்ச்சில் சற்று மங்கலாகத் தெரியும். தீப்பிடிக்கும் அபாயம் மிகக் குறைவு. டார்ச்சுக்கு வேலை இல்லாத நாட்களில் அதே செல்கள் கடிகாரத்திலும் ரிமோட்டிலும் பொம்மையிலும் உழைக்கும்.

ஆனால் இந்தச் செல்லின் ஆயுள் சார்ஜரின் கையில் இருக்கிறது. நிக்கல் செல் நிறையும்போது அதன் வோல்ட் உச்சத்துக்குப் போய், பிறகு ஒரு நூலளவு இறங்கும். அந்தச் சிறு இறக்கத்தைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான் நல்ல சார்ஜரின் வேலை. மலிவுச் சார்ஜர்கள் இதைப் பார்ப்பதில்லை. நாம் பிடுங்கும் வரை மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். வாங்கும்போது கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. நான்கு செல் போடும் சார்ஜரில் ஒரே விளக்கு இருந்தாலோ, அல்லது இரண்டிரண்டாகத்தான் போட வேண்டும் என்று எழுதியிருந்தாலோ, ஒவ்வொரு செல்லையும் அது தனித்தனியே கவனிக்கவில்லை என்று பொருள். இரண்டில் ஒன்று முன்பே நிறைந்துவிட்டால் அது வெந்துகொண்டிருக்கும். நான்கு செல்லுக்கு நான்கு விளக்கு அல்லது ஒவ்வொன்றின் வோல்ட்டையும் காட்டும் சிறு திரை இருந்தால் கொஞ்சம் அதிகம் கொடுத்து வாங்குவது வீணாகாது. லிட்டோகாலா லி-500 போன்ற சார்ஜர்கள் செல்லை முழுதாகக் காலி செய்து திரும்ப நிரப்பி, உண்மைக் கொள்ளளவை அளந்தும் காட்டும். ஒரு தெருவுக்கு இப்படி ஒன்று இருந்தால் போதும். போலிச் செல் விற்பவர் அந்தத் தெருப்பக்கம் வரமாட்டார்.

லித்தியம் அயான் செல்லுக்கு வேறு ஒழுங்கு. முதலில் ஒரே அளவு மின்னோட்டம் விட வேண்டும், செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அந்த வோல்ட்டைப் பிடித்து நிறுத்தி, மின்னோட்டம் தானாகக் குறைய விட வேண்டும். பத்தில் ஒரு பங்காக இறங்கியதும் முற்றாக நிறுத்திவிட வேண்டும். இந்த மூன்றையும் செய்யும் டிபி4056 என்ற சில்லு மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. அந்தச் சில்லைக்கூடப் போடாமல், ஒரு ரெசிஸ்டரோடு (மின்தடை) யூஎஸ்பி வாயை நேராகச் செல்லில் கொண்டுபோய்ச் சேர்க்கும் டார்ச்சுகள் விற்கத்தான் செய்கின்றன. 5 வோல்ட் வரும் கம்பியில் இந்தச் செல்லை இரவு முழுக்க விடுவது, குக்கரின் சேஃப்டி வால்வை அடைத்துவிட்டுத் தூங்கப் போவது போன்றது.

இதைக் கண்டுபிடிக்க எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டியதில்லை. வோல்ட் அளக்க உதவும் மஞ்சள் நிற டிடி-830 மல்டிமீட்டர், சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சார்ஜ் முடிந்ததாகப் பச்சை விளக்கு எரிந்த பிறகு செல்லை எடுத்து, 20 வோல்ட் டிசி அளவில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். 4.15 முதல் 4.20 வரை இருந்தால் சார்ஜர் ஒழுங்கானது. 4.25ஐத் தாண்டினால் அந்தச் சார்ஜரைத் தூக்கி எறிவதே நல்லது. மாறாக, நெடுநாள் கிடந்த செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அதைச் சார்ஜ் போட்டு உயிர்ப்பிக்கப் பார்க்கக் கூடாது. உள்ளே செம்பு கரைந்து படிந்திருக்கக்கூடும், பிறகு அது தனக்குள்ளேயே ஷார்ட் ஆகும்.

செல்லைக் கழற்றி மாற்ற முடிகிற டார்ச்சைத்தான் வாங்க வேண்டும் என்று இதனால்தான் வற்புறுத்துகிறேன். கழற்ற முடிந்தால் அளக்கலாம், எடை போடலாம், வேறு சார்ஜரில் ஏற்றலாம், இரண்டு ஆண்டு கழித்து நல்ல செல் போடலாம். ஒட்டி மூடிய டார்ச்சில் செல் செத்தால் டார்ச்சே குப்பை. கழற்றும் வகையிலும் ஒரு சிக்கல் உண்டு: பாதுகாப்புச் சுற்று வைத்த செல்கள் 65க்குப் பதிலாக 68 முதல் 70 மில்லிமீட்டர் நீளம் வரும், சில டார்ச்சுகளில் மூடி மூடாது. டார்ச்சைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவதே வழி.

டைப்-சி வாய் இருக்கிறது என்பதாலேயே ஒரு டார்ச் தரமானது என்று நினைக்க வேண்டாம். அந்த வாய்க்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு இருந்தால்தான் இருமுனையும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜர் மின்சாரம் விடும். காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். புதிய போன் சார்ஜரில் போட்டால் ஏறவே ஏறாது. வாங்கியவர் டார்ச் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போவார். ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி கொண்ட கேபிளில் அதே டார்ச் ஒழுங்காக ஏறும். பவர் பேங்கில் போடும்போதும் இதுபோல ஒரு குழப்பம் வரும்: இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், எதுவும் செருகப்படவில்லை என்று எண்ணிப் பவர் பேங்க் தன்னை அணைத்துக்கொள்ளும்.

வாங்கும் இடம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில் சொல்ல முடிவதில்லை. பர்மா பஜாரிலும் பாரிமுனைச் சந்துகளிலும் கையில் எடுத்துத் திறந்து பார்க்கலாம் என்பது பெரிய வசதி. திறக்க விடாத கடையில் வாங்க வேண்டாம். பட்ஜெட் டார்ச் ஆர்வலர்கள் புகழும் கான்வாய், சோஃபிர்ன் போன்ற சீனப் பெயர்கள் முன்பு அலிஎக்ஸ்பிரஸ் வழியாக வந்தன. 2020 நவம்பரில் அந்தச் செயலி இந்தியாவில் தடை செய்யப்பட்டபின் இங்குள்ள விற்பனையாளர்கள் வைத்த விலைதான். தனியாக லித்தியம் செல்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை இருப்பதால், வெளிநாட்டு டார்ச்சுகள் பல செல் இல்லாமலே வருகின்றன. அவசரத்தில் எந்தச் செல்லையாவது போட்டுவிடக் கூடாது. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தெடுத்து, புதுப் பிளாஸ்டிக் உறை சுருக்கிப் போட்ட செல்களும் சந்தையில் உண்டு. அவற்றில் சில இன்னும் நன்றாகவே உழைக்கும் என்றாலும், அளந்து பார்க்கத் தெரியாதவர் வாங்கக் கூடாது. இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து எட்டு இலக்கமும் உறையில் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது என்று காட்டும். எண் இருப்பது மட்டும் போதாது, நிறுவனத்தின் பெயரும் பொருந்த வேண்டும்.

வடசென்னையில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் கூடுதலாகப் பொருந்தும். ஒன்று, கூரைச் சூடு. லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்ய ஏற்ற வெப்பம் 45 டிகிரி வரைதான். கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பிற்பகலில் சார்ஜ் போடுவது அந்த எல்லையைத் தொடும். விடியற்காலையில், தரையில் ஒரு ஓட்டின் மேலோ தட்டின் மேலோ வைத்து ஏற்றலாம். மெத்தை மேல் வேண்டவே வேண்டாம். மற்றொன்று, கடற்காற்று. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் இருக்கும் வீடுகளில் டார்ச்சின் பின்மூடி ஸ்பிரிங் விரைவில் துருப்பிடிக்கும். துருவின் தடையால் வெளிச்சம் மங்கும், நாமோ செல்லைக் குறை சொல்வோம். பென்சில் அழிப்பானால் செல் தொடும் இடங்களைத் தேய்த்தாலே பாதி டார்ச்சுகள் பிழைத்துக்கொள்ளும். மூடியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் தடவ வேண்டும். வாசலின் சில வகை ரப்பரை ஊதச் செய்துவிடும். படகில் கொண்டுபோகிறவர்கள் ஐபிஎக்ஸ்7 குறியைப் பார்த்து வாங்குவார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. கடலில் நனைந்த டார்ச்சைக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

தீர்ந்த செல்லை என்ன செய்வது என்பதும் எங்கள் பகுதிக்காரர்களுக்குத் தூரத்துக் கேள்வி அல்ல. வீட்டுக் குப்பையில் போடும் செல் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று கொடுங்கையூர்க் குப்பைமேடு. அங்கே தீப்பிடித்தால் அந்தப் புகை திரும்ப நம் ஜன்னலுக்கே வருகிறது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. லித்தியம் செல்லின் இரு முனையிலும் டேப் ஒட்டித் தனி டப்பாவில் சேர்த்து வைத்து, மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுப்பது இப்போதைக்கு நடைமுறையில் முடிகிற காரியம். ஈய அமில பேட்டரிக்கு ஈயத்தின் விலை இருப்பதால் பழைய பேட்டரிக் கடையே எடுத்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் பரண் இப்போது டார்ச்சுக்கு இல்லை. கதவருகே ஆணியில் இரண்டு ஏஏ செல் போடும் சிறிய டார்ச் ஒன்று தொங்குகிறது. அதன் செல்களில் ஏற்றிய தேதியை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். புரட்டாசி பிறந்ததும் எடுத்து அளந்து, திரும்ப ஏற்றி, புதுத் தேதி எழுதுவேன். மாடி வீட்டு அண்ணன் அந்த ஒரு லட்சம் லூமென் டார்ச்சை எறிய மனமில்லாமல், 48 கிராம் எடையுள்ள செல் ஒன்றை வாங்கிப் போட்டார். லூமென் ஒன்றும் கூடவில்லை. நான்கு மணி நேரம் எரிகிறது.